யூரல் மலையடியில் ஒரு டாங்கி நகரம்

மொட்டை மாடியில் தண்ணீர் நிரப்பி வைக்கும் தொட்டியை 'டாங்கி' என்று வழங்குவது நம் ஊர்களில் இன்றும் உண்டு. போர்க்களத்தில் பீரங்கியோடு ஊர்ந்து வரும் இரும்பு வண்டிக்கும் அதே பெயர்தான். இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமையன்று. முதல் உலகப் பெரும்போரின்போது இங்கிலாந்தில் இந்த வண்டியை இரகசியமாக உருவாக்கியவர்கள், தொழிலாளருக்குக்கூட உண்மையைச் சொல்லாமல், மெசபொட்டோமியப் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் தொட்டி இது என்று கதை கட்டிவிட்டார்கள். கதை மறைந்தது, பெயர் நிலைத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் முதன்முதலாக அந்த வண்டிகள் களம் இறங்கின. கொண்டுவரப்பட்டவை 49. அவற்றுட் பல, பகைவரைக் காணுமுன்பே பழுதாகியும் சேற்றில் புதைந்தும் நின்றுவிட்டன.

அன்று வேடிக்கைப் பொருளாய்த் தோன்றிய அந்த வண்டி, கால் நூற்றாண்டுக்குள் நாடுகளின் தலைவிதியை எழுதும் கருவியாயிற்று. ஆயினும் இரண்டாம் உலகப் பெரும்போரின் டாங்கிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் பீரங்கியையும் கவசத்தையும் அளந்து பார்த்து, எது வலியது என்று வாதிடுவதோடு நின்றுவிடுகின்றனர். வலிமை மிக்க டாங்கியைச் செய்த நாடு ஜெர்மனி, தோற்றதும் அந்நாடே. ஆதலால் வினாவை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. எத்தனை டாங்கிகள் செய்யப்பட்டன? யார் செய்தார்கள்? எந்த நிலையில் இருந்துகொண்டு செய்தார்கள்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், டி-34 என்னும் ரஷ்ய டாங்கியின் வரலாற்றைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

அந்த டாங்கியின் தந்தை எனப்படும் மிகயீல் கோஷ்கின், இளமையில் மிட்டாய் ஆலையில் வேலை பார்த்தவர். வியாட்கா நகரில் அத்தகைய ஆலை ஒன்றுக்குத் தலைவராகவும் இருந்தவர். முப்பது வயதை ஒட்டிப் பொறியியல் கற்கப் புகுந்தார். உக்ரேனியாவின் கார்கோவ் நகரில் ரயில் எஞ்சின் செய்யும் பேராலை ஒன்று இருந்தது. அதன் டாங்கி வரைவுக் கூடத்துக்கு அவர் தலைமை ஏற்றார். அலெக்சாண்டர் மொரோசோவ் அவருக்கு வலக்கை போன்றவர்.

அவர்களுக்கு முன்மாதிரி கிடைத்த கதை சுவையானது. அமெரிக்காவில் வால்ட்டர் கிறிஸ்டி என்னும் பொறியாளர், பெரிய சக்கரங்களின் மீது விரைந்தோடும் ஒரு டாங்கியை அமைத்தார். அமெரிக்க இராணுவம் அதில் பெரிய அக்கறை காட்டவில்லை. ரஷ்யர்கள் இரண்டு வண்டிகளை விலைக்கு வாங்கி, உழவுக்குரிய டிராக்டர்கள் என்று ஆவணத்தில் எழுதிக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். அதன் வழியில் வந்த டாங்கிகள் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தீப்பிடித்து எரிந்தன. மெல்லிய கவசமும் பெட்ரோல் எஞ்சினுமே காரணம். கோஷ்கின் குழுவினர் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. எளிதில் தீப்பற்றாத டீசல் எஞ்சின், அதுவும் ஐந்நூறு குதிரைத் திறன் கொண்டது. 76 மில்லிமீட்டர் பீரங்கி. 45 மில்லிமீட்டர் கனமுள்ள உருக்குக் கவசம். இந்தக் கவசத் தகட்டை நேராக நிறுத்தாமல் கூரையைப் போல் சாய்த்து வைத்ததில்தான் அவர்களுடைய கூர்மதி வெளிப்பட்டது. சாய்ந்த தகட்டைத் துளைக்க வரும் குண்டு கூடுதலான உருக்கைக் கடந்தாக வேண்டும். பல வேளைகளில் துளைக்காமல் வழுக்கியே போய்விடும். கனத்தைக் கூட்டாமலே காப்பைக் கூட்டும் வழி இது. வண்டியின் எடை ஏறத்தாழ 26 டன்தான். சேற்றிலும் பனியிலும் புதையாதவாறு சங்கிலிப் பட்டைகள் அகலமாக அமைக்கப்பட்டன.

1940 மார்ச்சு மாதம், பனி இன்னும் உருகாத நாட்களில், மாதிரி வண்டிகள் இரண்டைக் கார்கோவிலிருந்து மாஸ்கோ வரை தரை வழியாகவே ஓட்டிச் சென்றார்கள். கிரெம்ளின் முற்றத்தில் ஸ்டாலின் அவற்றைப் பார்வையிட்டார். வண்டிகளோடு உடன் சென்ற கோஷ்கினுக்கு அந்தக் கடுங்குளிர் யமனாக வந்தது. நுரையீரல் அழற்சி கண்டு, அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று உயிர் துறந்தார். தாம் வரைந்த வண்டி ஒரு குண்டையேனும் பகைவர்மேல் எறிவதை அவர் கண்டாரில்லை. பொறுப்பு மொரோசோவின் தோளில் விழுந்தது.

அவ்வாண்டு முழுவதும் செய்து முடித்தவை 115 டாங்கிகள் மட்டுமே. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படைகள் எல்லை தாண்டியபோது செஞ்சேனையிடம் ஆயிரம் அளவில் டி-34 இருந்தது. ஜெர்மானியர் தங்கள் பீரங்கிக் குண்டுகள் அதன் நெற்றியில் பட்டுத் தெறிப்பதைக் கண்டு திகைத்தார்கள் என்பது மெய். ஆனால் அந்தக் கோடையில் பெரும்பாலான டி-34கள் அழிந்தன என்பதும் மெய்யே. ஓட்டத் தெரிந்தவர் குறைவு. குண்டு இல்லை, எரிபொருள் இல்லை. கியர் பெட்டி உடைந்தால் மாற்றுவதற்கு உறுப்பு இல்லை. வழியோரங்களில் கைவிடப்பட்டு நின்றவை ஏராளம். நல்ல ஆயுதம் கையில் இருந்தாலே வெற்றி என்போர் அந்தக் கோடையை நினைவிற் கொள்வது நல்லது.

அக்டோபரில், மாஸ்கோவுக்குப் போகும் வழியில், மெத்சென்ஸ்க் என்னும் சிற்றூரருகே கத்துகோவ் என்பவரின் டாங்கிப் படை டி-34களை மரங்களிடையே மறைத்து வைத்துத் திடீரென்று பாய்ந்தது. புகழ்பெற்ற ஜெர்மன் தளபதி குடேரியனின் முன்னணிப் படை அங்கே முதன்முறையாகப் பலத்த அடி வாங்கிற்று. இந்த ரஷ்ய வண்டியை ஆராய வல்லுநர் குழு வர வேண்டும் என்று அவர் கேட்டு எழுதினார். குழுவும் நவம்பரில் வந்து பார்த்தது. அப்படியே நகல் எடுத்துவிடலாமே என்ற பேச்சும் எழுந்து, கைவிடப்பட்டது.

* * *

ஆனால் அந்த அக்டோபரில், அந்த டாங்கி பிறந்த ஆலையே இருந்த இடத்தில் இல்லை. வரலாற்றில் ஈடு சொல்ல முடியாத ஒரு பெயர்ச்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. போர் தொடங்கிய மூன்றாம் நாளே ஆலைகளைக் கிழக்கே கொண்டு செல்வதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையே 1,500க்கு மேற்பட்ட பெரும் ஆலைகள் வேரோடு பெயர்க்கப்பட்டு ரயிலேறின. அதற்குப் பயன்பட்ட சரக்குப் பெட்டிகளின் கணக்கு 15 இலட்சம் என்பர். மேற்கு நோக்கிப் படைவீரரை ஏற்றிச் செல்லும் வண்டிகளும், கிழக்கு நோக்கி இயந்திரங்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வர, இடையிடையே விமானங்கள் குண்டு பொழிந்தன.

கார்கோவ் ஆலையின் முதல் வண்டி செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின் புறப்பட்டது. கடைசி வண்டி புறப்பட்டுச் சில நாட்களுக்குள், அக்டோபர் 24 அன்று, நகரம் ஜெர்மானியர் கையில் வீழ்ந்தது. இயந்திரங்கள் சென்று சேர்ந்த இடம், ரயில் வழியில் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், யூரல் மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் உள்ள நீஷ்னி தகீல். அங்கே ரயில் சரக்குப் பெட்டிகள் செய்யும் ஆலை ஒன்று 1936இல் திறக்கப்பட்டிருந்தது. அதன் விசாலமான கூடங்களில் கார்கோவின் கடைசல் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. குடும்பங்களுக்கு வீடு கிடையாது. நிலத்தைத் தோண்டி மேலே கட்டைகளைப் பரப்பிக் குழிக்குள் குடியிருந்தார்கள். வெளியே யூரலின் பனிக்காலம். அந்நிலையில், டிசம்பர் முடிவதற்குள், கார்கோவிலிருந்து கொண்டுவந்த உறுப்புகளைப் பூட்டி 25 டி-34களை வெளியே ஓட்டினார்கள். இருபத்தைந்து என்பது போர்க்களத்தில் ஒரு நாளுக்குக்கூடக் காணாத தொகை. ஆனாலும் பின்னால் வந்த ஆயிரங்களை விட அந்த இருபத்தைந்தே என் உள்ளத்தை அதிகம் தொடுகிறது.

தெற்கே செல்யாபின்ஸ்க் நகரின் டிராக்டர் ஆலையோடு லெனின்கிராடிலிருந்து வந்த கீரோவ் ஆலையும், கார்கோவின் டீசல் எஞ்சின் ஆலையும் சேர்ந்தன. மக்கள் அந்த இடத்துக்கு 'டாங்கோகிராட்', அதாவது டாங்கி நகரம், என்று பெயரிட்டார்கள். தொடக்கத்தில் கனரக டாங்கிகளைச் செய்த அந்த ஆலை 1942 ஆகஸ்டில் டி-34ஐயும் செய்யத் தொடங்கிற்று. அதே மாதம் 23ஆம் நாள் ஜெர்மன் படை ஸ்டாலின்கிராடின் வடக்கே வோல்கா நதிக்கரையை எட்டிவிட்டது. அந்நகரின் டிராக்டர் ஆலையும் டி-34 செய்துவந்ததுதான். ஆலை வாயிலே போர்முனையாகிவிட, செய்து முடித்த வண்டி வாயிலைத் தாண்டியதும் போருக்குப் போயிற்று. தொழிலாளரே துப்பாக்கி ஏந்திப் படையானார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலையின் இரும்புச் சட்டங்கள் 1930ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஆயத்தம் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. அதை வரைந்தவர் டெட்ராய்ட் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான். பெயரைப் பார்த்து நம்மவர் என்று எண்ணிவிட வேண்டாம்; ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர் அவர். 1941இல் டெட்ராய்டின் பக்கத்தில் அமெரிக்க அரசுக்காகக் கட்டப்பட்ட மாபெரும் டாங்கி ஆலையும் அவருடைய நிறுவனத்தின் வரைவே. ஒரே மேசையில் வரையப்பட்ட கூடங்களிலிருந்து இரு பெரும் நாடுகளின் டாங்கிகள் புறப்பட்டன.

இனி, ஆயிரக்கணக்கில் செய்வது எப்படிக் கைகூடிற்று என்று பார்ப்போம். மொரோசோவ் கடைப்பிடித்த விதி ஒன்றுதான். டாங்கியைச் சிறப்பாக்கும் மாறுதல் வேண்டாம். செய்வதை எளிதாக்கும் மாறுதல் மட்டும் வேண்டும். டி-34க்குப் பதிலாக மேம்பட்ட புதிய வண்டியொன்று வரைந்து வைக்கப்பட்டிருந்தது. போர் மூண்டதும் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். ரப்பர் கிடைக்கவில்லையா, சக்கரத்தை முழுக்க இரும்பாலேயே செய். பீரங்கிக் கோபுரத்தை வார்த்தபின் அதன் மேற்பரப்பை இழைத்து வழவழப்பாக்க வேண்டுமா, வேண்டாம். உள்ளே பொருந்த வேண்டிய இடம் பொருந்தினால் போதும். நம் கொல்லர்களும் தச்சர்களும் கண்டால் முகம் சுளிக்கும் வேலைப்பாடுதான். வேலை நேரம் 1942 முடிவதற்குள் பாதியாகக் குறைந்தது. 1941இல் 2,69,500 ரூபிள் ஆகிய ஒரு வண்டியின் அடக்கவிலை, முதலில் 1,93,000க்கும் பின்னர் 1,35,000க்கும் இறங்கிற்று.

மக்னித்தோகோர்ஸ்க் உருக்காலையில் கவசத் தகடு உருட்டும் இயந்திரம் இல்லை. அது மரியுபோலிலிருந்து வந்து சேரும்வரை காத்திருப்பதா? சாதாரண உருக்குப் பாளங்களை உருட்டும் இயந்திரத்திலேயே கவசத்தை உருட்டிப் பார்ப்போம் என்று துணிந்தனர் அங்கிருந்த பொறியாளர். இயந்திரம் உடைந்துவிடும் என்று அஞ்சினோர் பலர். 1941 ஜூலை இறுதியில் உருட்டினார்கள், உடையவில்லை.

எவ்கேனி பாத்தோன் என்னும் முதியவரின் கதையும் இதனோடு சேர்ந்தது. பாலங்கள் கட்டுவதில் பெயர் பெற்ற அவர், கீவ் நகரத்தில் மின்முறைப் பற்றவைப்புக்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவியவர். எழுபது வயதைக் கடந்த நிலையில் தம் கூடத்தோடு நீஷ்னி தகீலுக்கு வந்து சேர்ந்தார். டாங்கியின் கவசத் தகடுகளைக் கையால் பற்றவைப்பதற்குப் பல்லாண்டு தேர்ச்சி பெற்ற தொழிலாளர் வேண்டும்; அவர்களோ போர்முனைக்குப் போய்விட்டார்கள். பாத்தோனின் இயந்திரம் துகள்படலத்தின் அடியில் தானே ஊர்ந்து சென்று தகடுகளை இணைத்தது. சில வாரப் பயிற்சி பெற்ற இளம்பெண் அதன் பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டால் போதும். இணைப்போ கைவேலையைக் காட்டிலும் உறுதியாக இருந்தது. முதியவர் ஒருவரின் அறிவு, போருக்குப் போன கைகளின் இடத்தை நிரப்பிற்று.

* * *

அந்தக் கூடங்களில் நின்றவர் யாவர்? பாதிப்பேர் பெண்கள், நூற்றுக்குப் பதினைந்து பேர் சிறுவர்கள், இன்னொரு பதினைந்து பேர் ஊனமுற்றோரும் முதியோரும் என்று ஒரு கணக்கு உண்டு. கடைசல் இயந்திரத்தின் கைப்பிடி எட்டாமல் மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று வேலை செய்த பிள்ளைகளின் படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. நாளொன்றுக்குப் பதினொரு மணி, பன்னிரண்டு மணி வேலை. உணவு ரொட்டிச் சீட்டின் அளவே.

அந்தப் பிள்ளைகளின் ஈகத்தை ரஷ்ய நூல்கள் நெடுங்காலம் பாடி வந்தன, அது பொய்யன்று. ஆனால் அந்த நூல்கள் சொல்லாமல் விட்டவையும் உண்டு. 1941 டிசம்பர் 26 அன்று பிறந்த ஆணைப்படி, பாதுகாப்பு ஆலையை விட்டு அனுமதியின்றி விலகுவது படையை விட்டு ஓடுவதற்கு நிகரான குற்றம். தண்டனை ஐந்து முதல் எட்டு ஆண்டுச் சிறை. வோல்காக் கரையில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஜெர்மன் குடிகள், பகைவரின் மொழி பேசிய ஒரே காரணத்தால் பெயர்க்கப்பட்டு, 'உழைப்புப் படை' என்ற பெயரில் முள்வேலிக்குள் வைத்து வேலை வாங்கப்பட்டனர். செல்யாபின்ஸ்கின் புதிய உருக்காலையை எழுப்பிய கைகளுட் பல அவர்களுடையவை.

நம் உடன்பிறப்புகளின் பங்கும் இதிலே இருக்கிறது. 1942 இலையுதிர் காலம் தொட்டு உஸ்பெக், தாஜிக், கசாக், துருக்மேன், கிர்கிஸ் ஆடவர் பல்லாயிரவர் யூரலுக்கும் சைபீரியாவுக்கும் வேலைக்கென்று திரட்டி அனுப்பப்பட்டனர். பருத்தி விளையும் வெயில் நாட்டு உழவர்கள் அவர்கள். ரஷ்ய மொழி அறியார். ஆலையின் உள்ளே கால் வைத்தறியார். பலருக்கு உடுத்தி வந்த பருத்தி அங்கியைத் தவிரக் குளிருக்கு வேறு போர்வை இல்லை. நீஷ்னி தகீல் உள்ளிட்ட இடங்களில் பசியாலும் நோயாலும் மாண்டவர் பலர். பின்னர் உடல் நலிந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. டாங்கியின்மேல் அவர்கள் பெயர் பொறிக்கப்படவில்லை. போருக்குப் பின் எழுந்த நினைவுச் சின்னங்களிலும் அவர்களைத் தேடித்தான் காண வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செல்யாபின்ஸ்குக்குத் தெற்கே ட்ராய்ட்ஸ்க் என்னும் ஊர். அங்கே மதரஸா நடத்திச் சீடர் திரளோடு வாழ்ந்த பெரியார் சைனுல்லா ரசூலெவ். அவருடைய மைந்தர் அப்துர் ரஹ்மான் ரசூலெவ், 1936 முதல் உஃபா நகரில் ரஷ்ய முஸ்லிம்களின் முஃப்தியாக இருந்தார். அவர் பொறுப்பேற்ற காலம் எத்தகையது? பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, ஆலிம்கள் சிறையிலும் கொலைக்களத்திலும் மறைந்துகொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட அரசுக்கு 1943இல் அவர் டாங்கிப் படை ஒன்று அமைவதற்காகத் தம் பங்காக 50,000 ரூபிள் செலுத்தி, முஸ்லிம்களும் பொருள் திரட்டித் தர வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். ஸ்டாலின் நன்றி தெரிவித்தார்; செய்தித்தாள் அதை வெளியிட்டது. மனமுவந்த தேசப்பற்றா, எஞ்சியிருந்த பள்ளிவாசல்களையேனும் காத்துக்கொள்ளும் முன்யோசனையா என்று கேட்போர் உண்டு. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கக் கூடாதா? ஹிட்லர் வென்றால் என்ன ஆகும் என்பதை அறிய முஃப்திக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்பட்டிராது. கிறித்தவ வைதீகத் திருச்சபையும் அவ்வாறே அடியார்களிடம் திரட்டிய பணத்தில் 40 டாங்கிகளை 1944 மார்ச்சில் படையிடம் ஒப்படைத்தது.

மரியா ஒக்தியாபிர்ஸ்கயா என்ற பெண்மணியின் கணவர் 1941இல் போரில் மடிந்தார். அச்செய்தி காலம் தாழ்த்தி அவரை எட்டியது. உடைமைகளை விற்றுப் பணம் கட்டி, ஒரு டி-34ஐ வாங்கித் தருகிறேன், ஆனால் அதை நானே ஓட்டுவேன் என்று அரசுக்கு எழுதினார். இசைவு கிடைத்தது. 'போர்த் தோழி' என்று பெயரிட்ட அந்த வண்டியை ஓட்டினார். சங்கிலி அறுந்தால் குண்டு மழையிலும் இறங்கிப் பூட்டினார். 1944 ஜனவரியில் அப்படி இறங்கிப் பழுது பார்க்கும்போதுதான் தலையில் காயமுற்றார். நினைவு திரும்பாமலே மார்ச்சு 15 அன்று இறந்தார்.

* * *

இனி, டாங்கிக்கு உள்ளே அமர்ந்திருந்தவர்களைப் பற்றி. 1942இல் ரஷ்யர் டி-34 ஒன்றைச் சோதனைக்கென்று அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அபர்டீன் சோதனைக் களத்தில் அது 343 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் பாழாயிற்று. காற்று வடிகட்டி ஒழுங்காக அமையாததால் புழுதி முழுவதும் எஞ்சினுக்குள் புகுந்திருந்தது. சாய்ந்த கவசத்தை மெச்சிய அமெரிக்கர், கியர் பெட்டியைக் கண்டு வியந்தனர். வியப்பு வேறு காரணம் பற்றியது. கியர் விழாவிட்டால் ஓட்டுநர் சுத்தியல் கொண்டு தட்டிப் போட்ட வேளைகளும் உண்டு. பீரங்கிக் கோபுரத்தில் இருவருக்கே இடம். தலைவனே குறி பார்த்துச் சுடவும் வேண்டும், சுற்றுமுற்றும் பார்த்துக் கட்டளையிடவும் வேண்டும். முதல் ஆண்டுகளில் வானொலிக் கருவி தலைமை வண்டியில் மட்டும். மற்றவை அதன் அசைவைப் பார்த்தே பின்தொடர வேண்டும்.

இந்தக் குறைகளை ஆலையில் இருந்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஒவ்வொன்றாகத் திருத்தியும் வந்தார்கள். ஆனால் திருத்தம் எண்ணிக்கையைக் குறைக்குமானால் அது பொறுக்க வேண்டும் என்பதே தீர்ப்பு. சில வாரங்களில் எரிந்துபோகும் வண்டிக்குப் பத்தாண்டு உழைக்கும் எஞ்சின் எதற்கு? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அந்த வண்டிக்குள் நான்கு இளைஞர் அமர்ந்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போதுதான் கணக்கு கசக்கிறது. 1943இல் செய்யப்பட்ட டி-34கள் ஏறத்தாழ 15,700. அதே ஆண்டில் செஞ்சேனை இழந்த நடுத்தர டாங்கிகள் ஏறத்தாழ 14,700, பெரும்பாலும் டி-34களே. ஓராண்டு முழுவதும் அத்தனை தாய்மாரும் பிள்ளைகளும் இரவு பகலாய்ச் செய்து அனுப்பியதில், அழிந்ததுபோக நிகர மிச்சம் ஓராயிரம்தான். போர் முழுவதிலும் இழந்த நடுத்தர டாங்கிகள் 44,900 என்று பின்னாளில் வெளியான ரஷ்ய இராணுவக் கணக்கே கூறுகிறது.

1943 ஜூலை 12 அன்று கூர்ஸ்க் போரின்போது புரோகோரோவ்கா என்னுமிடத்தில் நடந்த டாங்கிச் சமரைச் சோவியத் நூல்கள் பெருவெற்றியாக எழுதி வந்தன. ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்டபின் தெரிந்தது வேறு. அன்று ஒரு நாளில் ரஷ்யத் தளபதி ரோத்மிஸ்திரோவின் படை இழந்த கவச வண்டிகள் முந்நூறுக்கு மேல். ஜெர்மானியர் முற்றாக இழந்தவை மிகச் சில. ஆயினும் கூர்ஸ்கில் பின்வாங்கியவர் ஜெர்மானியரே. ரஷ்யருக்குப் பின்னால் ரயில் வண்டிகளில் அடுத்த டாங்கிகள் வந்துகொண்டிருந்தன. ஜெர்மானியருக்குப் பின்னால் அப்படி வருவது ஒன்றுமில்லை.

ஜெர்மானியர் செய்த டைகர் டாங்கியின் கவசமும் பீரங்கியும் அன்றைய உலகில் எதற்கும் அஞ்சாதவை. செய்த தொகையோ ஆயிரத்து முந்நூற்றைம்பது அளவே. டி-34ஐப் பார்த்தே பிறந்த பாந்தர் டாங்கி, கூர்ஸ்கில் முதன்முதல் இருநூறு வண்டிகளோடு வந்து, பாதி வழியில் எஞ்சின் தீப்பிடித்தும் பழுதாகியும் சிரிப்புக்கு இடமாயிற்று. பிற்பாடு அது நல்ல வண்டியாயிற்று; ஆனால் போர் முடியும்வரை செய்தவை ஆறாயிரம்தான். கடிகாரத் தொழில் போன்ற நுட்பத்தோடு வேலை செய்த அந்நாட்டார், இடையறாது புதுப்புது மாறுதல்களைப் புகுத்தியதும் எண்ணிக்கை குறையக் காரணமாயிற்று.

அமெரிக்கரின் வழி மூன்றாவது. அவர்களுடைய ஷெர்மன் டாங்கிகள் ஏறத்தாழ 49,000 செய்யப்பட்டன. கார் செய்யும் கிறைஸ்லர் நிறுவனம், டாங்கிக்கான எஞ்சின் போதாதபோது கார் எஞ்சின்கள் ஐந்தை ஒன்றாகப் பிணைத்து முப்பது உருளைகள் கொண்ட ஒரு பூதத்தைப் படைத்தது, அதுவும் ஓடிற்று! ஷெர்மன் கடல் கடந்து ஆயிரமாயிரம் மைல் செல்ல வேண்டியது. ஆதலால் பழுதாகாமை அதற்கு முதல் இலக்கணம். 1942 ஜூனில் தோப்ரூக் வீழ்ந்த செய்தி வந்தபோது வாஷிங்டனில் இருந்த சர்ச்சிலுக்கு ரூஸ்வெல்ட் உடனே முந்நூறு ஷெர்மன்களை எகிப்துக்கு அனுப்ப ஒப்பினார். அவ்வாண்டு அக்டோபரில் எல் அலமைன் போரில் அவை முன்னின்றன. நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஷெர்மன்கள் ரஷ்யாவுக்கும் போயின. அமெரிக்க ஆலைகளின்மேல் ஒரு குண்டும் விழவில்லை. அங்கே பணியாற்றியோர் மாலையில் வயிறார உண்டனர். அதை அவர்கள் குற்றமாகச் சொல்வது தகாது. ஆனால் 49,000 என்ற எண்ணும், போர்க்காலத்தில் செய்த டி-34களின் 58,000 அளவிலான எண்ணும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல.

1944 தொடக்கத்தில் 85 மில்லிமீட்டர் பீரங்கியும் மூவர் அமரும் கோபுரமும் கொண்ட புதிய டி-34 களம் புகுந்தது. படைத் தலைவனுக்கு ஒருவழியாகச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைத்தது. 1945 மே மாதம் பெர்லின் தெருக்களில் நின்றவை அவையே. போர்க்காலத்து டி-34களில் ஏறக்குறையப் பாதி நீஷ்னி தகீலிலிருந்து சென்றவை.

மொரோசோவ் 1951இல் கார்கோவுக்குத் திரும்பிவிட்டார். அவரோடு வந்தவர்களுட் பலர் யூரலிலேயே தங்கிவிட்டார்கள். சரக்குப் பெட்டி ஆலை பழைய தொழிலையும் தொடர்ந்தது, டாங்கியையும் விடவில்லை. டி-72, டி-90 என்னும் பின்னாளைய டாங்கிகள் அங்கேதான் வரையப்பட்டன. 1980களின் பிற்பகுதி முதல் 'அஜேயா' என்ற பெயரில் டி-72உம், 2009 முதல் 'பீஷ்மா' என்ற பெயரில் டி-90உம் உரிமம் பெற்று உருவாகி வெளிவந்த இடம், சென்னையை அடுத்த நம் ஆவடி.